பெயிண்ட் எண்ணெயும் ஊருணித் தண்ணீரும்

வீட்டிலும் ஊராட்சிப் பணிகளிலும் மிஞ்சும் டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றைத் திரும்பப் பயன்படுத்தும் முறையும், தீங்கின்றி அகற்றும் முறையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் மழையை நம்பியே இங்கு விளைகின்றன. திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாற்றில் ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் மணலையே காண்கிறோம். பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆகவேதான் நம் முன்னோர்கள் பாசனத்துக்குக் கண்மாயும், குடிப்பதற்கு ஊருணியும் தனித்தனியே அமைத்தார்கள். ஊரார் உண்ணும் நீர் என்பதனாலேயே அதற்கு ஊருணி என்று பெயர் வந்தது. உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவரும் நீர் நிறைந்த ஊருணியையே எடுத்துக்கொண்டார்.

ஊருணி நீரை அசுத்தம் செய்யலாகாது என்று அரசாங்கத்தின் சட்டம் சொல்லுவதற்கு முன்பே ஊர்க்கட்டுப்பாடு சொல்லிவிட்டது. செருப்புக் காலுடன் ஊருணிக்குள் இறங்காத ஊர்கள் இன்றும் உண்டு. ஆடு மாடுகளை அதில் இறக்குவதில்லை, துணி துவைப்பதில்லை. ஆயினும், அக்கட்டுப்பாடுகள் தோன்றிய நாளில் ஊரில் இல்லாதிருந்த சில பொருள்கள் இன்று வீடுதோறும் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அதுதான் பெயிண்டைக் கரைப்பதற்கும், பிரஷ்ஷைக் கழுவுவதற்கும் நாம் பயன்படுத்தும் டர்பன்டைனும் தின்னரும்.

தைப்பொங்கலுக்கு முன்பும், பங்குனிப் பொங்கலுக்கு முன்பும் வீடுகள் புதுப்பொலிவு பெறுகின்றன. கதவு, சன்னல், இரும்புக் கிராதி, மாட்டு வண்டி, டிராக்டர் டிரெய்லர், காளையின் கொம்பு எல்லாம் எனாமல் பூசப்பெறுகின்றன. ஊராட்சியின் சார்பிலும் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டியின் ஏணி, கண்மாய் மடையின் ஷட்டர் ஆகியவற்றுக்கு வர்ணம் அடிக்கிறோம். வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் கலங்கிய எண்ணெய் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மிஞ்சுகிறது. அதனை என்ன செய்கிறோம்? வாசலில் ஊற்றுகிறோம்; வாய்க்காலில் கொட்டுகிறோம்; குப்பையோடு சேர்த்துத் தீ வைக்கிறோம்; அல்லது ஒரு குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரை மாடத்தில் வைக்கிறோம். இந்த நான்கு வழக்கங்களும் கைவிடத் தக்கவை. ஏன் என்பதை முதலில் காண்போம்.

இப்பொருள்களின் இயல்பு

பழங்காலத்தில் டர்பன்டைன் என்பது பைன் மரத்தின் பிசினிலிருந்து வடித்த எண்ணெய். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மண்ணெண்ணெயைப் போலப் பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயே. தின்னர் என்பது அதனினும் கடுமையானது. டொலுவீன், அசிட்டோன் முதலிய திரவங்களின் கலவையாக அது விற்கப்படுகிறது. இவை யாவும் விரைவில் ஆவியாகும். ஆவி எளிதில் தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. இம்மூன்று குணங்களையும் மனத்தில் கொண்டால் மற்ற விஷயங்கள் தாமே விளங்கும்.

ஒரு திரவத்தின் ஆவி எந்த வெப்பநிலையில் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளுமோ அதனைத் தீப்பற்று நிலை என்பர். பெட்ரோலிய டர்பன்டைனுக்கு அது ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி செல்சியஸ். டொலுவீனுக்கு 4 டிகிரி மட்டுமே. அசிட்டோனுக்கோ உறைநிலைக்கும் கீழே 20 டிகிரி. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பகுதியில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. ஆகவே மாசி மாதக் காலையில் தீங்கின்றி இருக்கும் டர்பன்டைன், சித்திரை மாத நண்பகலில் பெட்ரோலைப் போல நடந்துகொள்ளும். தின்னரோ ஆண்டு முழுவதும் அப்படியே. கனமான ஆவி தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் எரியும் அடுப்பை எட்டி, அங்கிருந்து தீயைத் திரும்ப அழைத்துவரும்.

தண்ணீருக்கு வரும் கேடு

"ஒரு டம்ளர் எண்ணெய்தானே ஐயா, வெயிலில் காய்ந்து போய்விடாதா?" என்று விவசாயிகள் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தரையின் மேல் மெல்லிதாகப் பரவிய எண்ணெயில் ஒரு பங்கு ஆவியாகவே செய்கிறது. ஆனால் மண்ணுக்குள் இறங்கியதை வெயில் எட்டுவதில்லை. கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடப்பதை நாம் அறிவோம். கை நுழையும் அளவுக்கு அகன்ற அந்த வெடிப்புக்களே எண்ணெய் கீழிறங்கும் பாதையாகின்றன. அடுத்த மழை, எஞ்சியதைக் கிணற்று நீர்மட்டத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. தண்ணீரைவிட இலேசானதாகையால் எண்ணெய் நீர்மட்டத்தின் மேல் மிதந்து, நீர் ஏறி இறங்கும்போதெல்லாம் சுற்றியுள்ள மண்ணில் படிகிறது. அங்கே சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அது நீரில் கரைந்துகொண்டிருக்கும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குடிநீரில் டொலுவீன் ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு அளவு வகுத்திருக்கிறது. ஒரு லிட்டர் டொலுவீனின் எடை சுமார் 867 கிராம். அதாவது 8,67,000 மில்லிகிராம். இதனை 0.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 லட்சம் வருகிறது. ஆகவே ஒரு லிட்டர் டொலுவீன் முழுவதும் நீரில் கரைந்தால் 12 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 40 மீட்டர் நீளமும், 30 மீட்டர் அகலமும், 1 மீட்டர் ஆழமும் உள்ள ஊருணியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு? சரியாக 12 லட்சம் லிட்டர். திறந்த ஊருணியில் காற்றும் வெயிலும் ஒரு பகுதியைப் போக்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த எல்லைக்கு மிகக் கீழான அளவிலேயே நீரில் வாடையும் கசப்பும் தோன்றிவிடுகின்றன. ஊருணியில் மண்ணெண்ணெய் வாடை வீசினால் அதில் குடம் நனைப்பவர் யார்?

கெட்ட நிலத்தடி நீரைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு, பாசனத்துக்கென்று கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. 2011-ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. அங்கே கேடு விளைத்தது சாயமும் உப்பும், அளவும் பெரிது. நம் வீட்டு டப்பாவோடு அதனை ஒப்பிட இயலாது. ஆனால் கெட்ட பிறகு ஆயிரம் முயற்சி செய்வதைவிடக் கெடாமல் காப்பது எளிது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே. நெசவுக்கும் நூலுக்கும் பெயர் பெற்ற அருப்புக்கோட்டையின் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குழந்தைக்கு வரும் கேடு

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த டர்பன்டைன் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தை அதனைத் தண்ணீரென்று எண்ணி ஒரு வாய் குடித்துவிடுவது எளிது. இவ்வெண்ணெயின் கொடுமை வயிற்றைவிட நுரையீரலிலேயே அதிகம். விழுங்கும்போது புரையேறினாலோ, வாந்தி எடுக்கும்போதோ சில துளிகள் மூச்சுக்குழலில் இறங்கினால் போதும். நுரையீரல் அழற்சி கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அத்தகைய வேளையில் நாம் செய்ய வேண்டுவதும், செய்யக் கூடாததும் இவை. உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. நஞ்சுக்கு மாற்று என்று எண்ணிப் பாலோ, எண்ணெயோ, புளிக்கரைசலோ புகட்டக் கூடாது. எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உடனே 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடித்த பாட்டிலையும், அதன் மூல டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கலாகாது. இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்.

கால்நடைக்கு வரும் கேடு

மாடுகளுக்கு, சிறப்பாகக் கன்றுகளுக்கு, பெயிண்ட் டப்பாவை நக்கும் பழக்கம் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் வாங்கிப் பரணில் போட்ட டப்பாவும், பழைய கதவிலிருந்து சுரண்டிய பூச்சும் அந்த விதிக்கு முந்தியவை அல்லவா? ஈய நஞ்சு ஏறிய மாடு பல்லைக் கடிக்கும், தள்ளாடும், கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும், வலிப்புக் கண்டு மடியும். ஆகவே டப்பாவைத் தொழுவத்துக்கு அருகிலும், மேய்ச்சல் தரையிலும் எறிவது, காளையையே எறிவதற்கு ஒப்பாகும்.

கொம்புக்கு வர்ணம் பூசும்போது பழைய பூச்சைத் தின்னரால் துடைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். அது கண்ணில் வழிந்தால் மாடு துன்புறும். காவியும் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு கொம்பை அலங்கரிப்பது நம் பழைய வழக்கமே. அதற்குத் தின்னர் தேவையில்லை.

திரும்பப் பயன்படுத்தும் முறை

இனி, வேண்டுவதைச் சொல்வோம். கலங்கிய டர்பன்டைன் கெட்டுப்போன பொருள் அன்று. அதில் கலந்திருப்பது பெயிண்டின் வண்ணத்தூளும் பிசினும் மட்டுமே. அவற்றை அடியில் படியவிட்டால் மேலே நிற்பது மீண்டும் தெளிந்த எண்ணெய். நம் வீடுகளில் கலங்கிய தண்ணீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைப்பதில்லையா? இங்கே தேற்றாங்கொட்டையும் வேண்டாம்; பொறுமை ஒன்றே போதும்.

1. அளவறிந்து வாங்குக. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். சரியான அளவு டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒரு கதவும் நான்கு சன்னல்களும் இரு புறமும் சேர்ந்து சுமார் 14 சதுர மீட்டர் என்றால், இரண்டு பூச்சுக்கு 28 சதுர மீட்டர். மூன்று லிட்டர் போதும். பிரஷ் கழுவ அரை லிட்டர் டர்பன்டைனே போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து லிட்டர் வாங்குவது பிறகு மிஞ்சியதற்கு இடம் தேடுவதில் முடியும்.

2. முதலில் துடைக்க, பிறகு கழுவுக. பிரஷ்ஷில் உள்ள பெயிண்டைப் பழைய செய்தித்தாளில் நன்றாக இழுத்துத் துடைத்துவிட்டால், கழுவத் தேவைப்படும் எண்ணெய் பாதியாகக் குறையும். மறுநாளும் அதே வர்ணம் அடிப்பதாயின் கழுவவே வேண்டாம். பிரஷ்ஷைப் பாலிதீன் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிவைத்தால் போதும்.

3. இரண்டு டப்பா வைத்துக்கொள்க. முதல் டப்பாவில் பழைய எண்ணெய். இரண்டாவதில் தெளிந்த எண்ணெய். பிரஷ்ஷை முதலில் பழையதில் அலசி, பின்னர் தெளிந்ததில் அலச வேண்டும். நாளடைவில் இரண்டாவது கலங்கும்போது அதனை முதலாவதாக்கிக்கொள்ளலாம்.

4. தெளியவிடுக. வேலை முடிந்ததும் எண்ணெயை இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ ஊற்றி மூடுக. தின்னர் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. வெயிலில் எண்ணெய் விரியும் என்பதால் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புக. அடுப்புக்கும், சாமி விளக்குக்கும், மோட்டார் சுவிட்சுக்கும் எட்டாத, நிழலான, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை அசைக்காமல் விடுக.

5. இறுத்து வடிகட்டுக. திறந்த வெளியில், மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக இறுத்து, காடாத் துணியில் வடிகட்டி, வேறொரு டப்பாவில் சேர்க்க. டர்பன்டைனையும் தின்னரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் பெயரையும், "விஷம் - குடிக்கக் கூடாது" என்னும் சொற்களையும் தமிழில் எழுதி ஒட்டுக. எழுத்தறியாதோர்க்காக மண்டை ஓட்டுப் படமும் வரைக.

6. உரிய வேலைக்குப் பயன்படுத்துக. இவ்வாறு தெளிந்த எண்ணெய் பிரஷ் கழுவவும், கருவிகளின் மசகைப் போக்கவும் ஏற்றது. கடைசிப் பூச்சில் கலப்பதற்குப் புதிய எண்ணெயே நல்லது. கிணற்றுக்குள் இறங்கும் குழாய், நீர்மூழ்கி மோட்டார் ஆகியவற்றை இதனால் துடைக்கக் கூடாது. மருந்துத் தெளிப்பானின் ரப்பர்க் குழாயிலும் இதனை உபயோகிக்கலாகாது; ரப்பர் உப்பிக் கெடும்.

கையிலும் முகத்திலும் பட்ட பெயிண்டைத் தின்னரால் துடைப்பது பலருடைய வழக்கம். தோலின் எண்ணெய்ப் பசை நீங்கி வெடிப்புக் காணும். சிறிது கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துத் துணியால் துடைத்து, சோப்பிட்டுக் கழுவினால் பெயிண்ட் போய்விடும். அறைக்குள் வர்ணம் அடிக்கையில் கதவு சன்னல்களைத் திறந்துவைப்பது இன்றியமையாதது. தலைவலியும் மயக்கமும் கண்டால் அது உடம்பு தரும் எச்சரிக்கை. உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருப்பது நலம். பெயிண்டர் தொழிலில் ஆண்டுக்கணக்கில் ஈடுபடுவது புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தினக்கூலிக்கு வரும் பெயிண்டரும் ஒரு குடும்பத்தின் தலைவர் என்பதை வேலை கொடுப்போர் மறக்கலாகாது.

அகற்றும் முறை

அடி வண்டல்: தெளிந்ததை இறுத்தபின் அடியில் சேறு போன்ற வண்டல் நிற்கும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு டம்ளர் அளவே இது சேரும். இதனுடன் உலர்ந்த மணலைச் சேர்த்துக் கிளறி, ஈரம் வழியாத நிலைக்குக் கொண்டுவந்து, தகர டப்பாவில் இட்டு மூடி, பெயர் எழுதி, ஊராட்சி சேகரிக்கும் நாள் வரை பத்திரப்படுத்த வேண்டும். கிணறு, ஊருணி, வாய்க்கால், கழிப்பறைத் தொட்டி, குப்பைக்குழி, உரக்குழி ஆகிய எதிலும் இடக்கூடாது. உரக்குழியில் இட்டால் அது வயலுக்கே போய்ச் சேரும்.

துடைத்த துணி: இதைப் பற்றிப் பலரும் அறியாத உண்மை ஒன்றுண்டு. மரத்துக்கு மெருகிட உதவும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவியலாகப் போட்டால், பொறியே படாமல் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். எண்ணெய் காற்றோடு கூடி உலரும்போது உண்டாகும் வெப்பம் குவியலுக்குள் அடைபடுவதே காரணம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் இத்தகைய துணிகளிலிருந்தே தீ மூண்டது; தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். பருத்தி மூட்டையும் வைக்கோற்படப்பும் ஓலைக்கொட்டகையும் உள்ள நம் ஊர்களில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அத்தகைய துணிகளைக் குவிக்காமல், படப்புக்கு வெகு தொலைவில் கல்லின் மேல் ஒவ்வொன்றாக விரித்து விறைப்பாகும்வரை உலரவிடுக. அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் அமுக்கி மூடிவைக்க.

காலி டப்பா: உள்ளிருப்பதை முற்றிலும் வடித்து, குழந்தையும் மாடும் நெருங்காத திறந்த வெளியில் உலரவிடுக. வாடை முழுவதும் நீங்கியபின் அடியில் துளையிட்டு நசுக்கிப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கலாம். துளையிடாவிட்டால் அதுவே நாளைக்குத் தண்ணீர் மொள்ளும் டப்பாவாகவோ விதைப் பாத்திரமாகவோ மாறிவிடும். தின்னர் இருந்த டின்னையும் பீப்பாயையும் வெல்டிங் வைத்து அறுக்கக் கூடாது. காலியானதுபோல் தோன்றினாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

நீரில் கரையும் பெயிண்ட்: டிஸ்டெம்பருக்கும் எமல்ஷனுக்கும் தின்னர் வேண்டாம். ஆயினும் பிரஷ் கழுவிய நீரை ஊருணிப் படிக்கட்டில் ஊற்றலாகாது. வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரைக் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் எட்டாத தரிசில் ஊற்றி, அடிவண்டலை உலர்த்திக் குப்பையில் சேர்க்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கு இத்தொல்லைகளில் ஒன்றுமே இல்லை. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தீப்பிடித்தால்: தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது. எண்ணெய் நீரின் மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும். மணலைக் கொட்டியோ, உலோக மூடியால் மூடியோ காற்றை அடைக்க வேண்டும். ஆகவே பெயிண்ட் அடிக்கும் இடத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

ஊராட்சியின் கடமை

தனி மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், சேகரித்த டப்பாவை ஒப்படைக்க ஓர் இடம் இல்லையேல் அவர் முயற்சி பயன் தராது. ஆற்றிலோ கிணற்றிலோ நிலத்திலோ மாசுபடுத்தும் பொருளை அறிந்தே விடுவதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தன் 24-ஆம் பிரிவில் தடை செய்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயிண்ட் டப்பாவையும், பூச்சிமருந்து டப்பாவையும், பழைய பேட்டரியையும், குழல் விளக்கையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியே வகுத்தன. சட்டத்தின் கருத்து தெளிவு. அதனை ஊரின் வழக்கமாக்குவதே நம் வேலை. அதற்கு நாம் கூறும் யோசனைகள் இவை.

முதலாவது, ஊராட்சி அலுவலகத்தின் வெளிப்புறத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், ஊருணிக்கும் பள்ளிக்கும் தொலைவாக, நிழலான பூட்டுள்ள ஓர் அறையோ இரும்புப் பெட்டியோ அமைக்க வேண்டும். அதனுள் மணல் பரப்பி, மேலே காற்றுப்போக்கு இருக்கும்படி செய்க. பீடி, தீப்பெட்டி அருகில் வரலாகாது.

இரண்டாவது, தைப்பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் அடுத்த வாரத்தில் ஒரு நாளைச் சேகரிப்பு நாளாகத் தண்டோரா மூலம் அறிவிக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாக்களையும் அன்றைக்கே தனியாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதைப் பதிவேட்டில் குறித்து, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் வாயிலாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஊர் ஊராகச் சிறிதளவு அனுப்புவதைவிட, ஒன்றியம் முழுவதும் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு குறையும்.

மூன்றாவது, ஊராட்சிப் பணியை ஏற்கும் ஒப்பந்தக்காரர் மிஞ்சிய எண்ணெயையும் டப்பாவையும் தாமே எடுத்துச் செல்ல வேண்டுமென்று வேலை உத்தரவிலேயே எழுத வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் மேலும், மடை ஷட்டரின் அருகிலும் பிரஷ் கழுவுதல் கூடாது. இதனைப் பார்த்து உறுதி செய்த பின்னரே பட்டியல் பணம் வழங்கப்பட வேண்டும்.

நான்காவது, தூய்மைக் காவலர்களுக்கு இப்பொருள்களை இனங்காணப் பயிற்சியும் கையுறையும் அளிக்க வேண்டும். குப்பையைக் கிளறுவோரும், அதில் நெருப்பு வைக்கப்பட்டால் முதலில் புகையை உட்கொள்வோரும் அவர்களே. அவர்கள் கைக்கு மூடியில்லாத தின்னர் டப்பா போய்ச் சேருவது நம் அனைவருக்கும் தலைகுனிவு.

மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று, தமிழகத்தின் கிராம சபைகள் கூடும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பங்குனி மாதத்தில், கோடை முற்றுவதற்கு முன், ஊருணியில் நீர் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் வரும் அந்நாள் இப்பொருளைப் பேசுவதற்கு மிகப் பொருத்தமானது. சபையில் கீழ்க்கண்ட கேள்விகளை எழுப்பி, விடையைத் தீர்மானமாக எழுதலாம்.

நம் ஊரில் பெயிண்ட் எண்ணெயும் பூச்சிமருந்து டப்பாவும் இப்போது எங்கே கொட்டப்படுகின்றன? அந்த இடத்திலிருந்து ஊருணிக்கும், ஆழ்துளைக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? மழை பெய்தால் அங்கிருந்து தண்ணீர் எப்பக்கம் ஓடும்? சேகரிப்பு அறையின் சாவி யாரிடம் இருக்கும்? அடுத்த சேகரிப்பு நாள் எது?

இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு எந்தப் பொறியாளரையும் தேட வேண்டியதில்லை. ஊருணிக்கு வரத்துக்கால் எது, எந்தச் சரிவில் தண்ணீர் இறங்கும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் மனப்பாடமாக அறிவார்கள். அந்த வரத்துக்கால் நெடுகிலும் ஓர் எண்ணெய் டப்பாவும் கிடக்காதபடி பார்த்துக்கொள்வது இளைஞர்களின் பொறுப்பாகட்டும்.

விவசாயப் பெருமக்களே! இம்முறைகளுக்கு வேண்டியது மூடியுள்ள இரண்டு டப்பா, ஒரு முழம் காடாத் துணி, ஒரு வாளி மணல், மூன்று வாரப் பொறுமை, இவ்வளவே. இதனால் அடுத்த முறை வாங்கும் டர்பன்டைனில் பாதிச் செலவு மிச்சமாகும். குழந்தையும் கன்றும் தண்ணீரும் காக்கப்படும். அடுத்த பொங்கலுக்குக் கதவைத் துலக்க முனையும்போது, பரணிலுள்ள பழைய டப்பாக்களை முதலில் கீழே இறக்கி, இனம் பிரித்து, பெயர் எழுதி வைப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்குவோமாக.